களப் பருவம்

பாகீரதிக்கு நாற்பது வயதாகும்போதுதான் அவள் மனதில் வெகுகாலமாக இருந்த ஆசை நிறைவேறியது. கல்யாண ஆசையோ வீடு வாங்கும் ஆசையோ அல்ல, ஒரு பாடத்திட்டம். சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் வெளியே அதிகம் சொல்வதில்லை. கல்கத்தாவில், டாக்குரியாவில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை ஷியாமளாவுக்கு மட்டும் தெரியும். "ஒரு சிலபஸுக்காக யாராவது இப்படித் தூக்கத்தைத் தொலைப்பாளா அக்கா?" என்று அவள் கேட்காத வாரம் கிடையாது. ஷியாமளா பாங்கில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்தினால் ஆபீஸை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தவள்.

பாகீரதிக்கு அது வரவில்லை. முன்பு அலிப்பூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தொழிலாளர் நிலைமை பற்றி ஆராயும் வேலையில் இருந்தாள். அங்கே ஒருமுறை, வேலை நிறுத்தத்தால் பாழாய்ப் போன ஒரு சணல் ஆலையைப் பற்றி நான்கு நிபுணர்கள் எழுதிய நான்கு அறிக்கைகள் அவள் மேஜைக்கு வந்தன. என்ஜினியர் காற்றோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். கணக்கர் ஓவர்டைம் செலவைப் பற்றி. வக்கீல் ஆலையின் வேலை விதிகளைப் பற்றி. டாக்டர் காசநோயைப் பற்றி. நான்கும் சரி. ஆனால் அந்த ஆலையில் என்னதான் நடந்தது என்று நான்கையும் படித்தவருக்கும் தெரியாது. நான்கு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருந்தால் என்று அன்றைக்குத் தோன்றியது, பிறகு அவளை விடவே இல்லை.

அந்த நினைப்போடுதான் அவள் நிர்வாகவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தாள். கல்கத்தாவின் சில கம்பெனிகள் கூட்டாகப் பணம் போட்டு நடத்திய தனியார் கழகம் அது. டைரக்டர் சுந்தரராஜன் கும்பகோணத்துக்காரர். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் கூட்டம் நடத்திவிட்டு, முடிந்ததும் பாகீரதியை அறைக்குக் கூப்பிட்டுத் தமிழில் பேசுவார்.

"நீங்க சொல்றது நன்னாத்தான் இருக்கு. ஆனா நம்ம வாத்தியார்கள்லாம் அவாவா பாத்திகட்டிண்டு உக்காந்திருக்கா. ஒருத்தர் வரப்பை ஒருத்தர் மிதிக்க விடுவாளா?"

"வரப்பை வெட்டிடணும் சார்" என்றாள் பாகீரதி.

இரண்டு வருஷம் மன்றாடினாள். கடைசியில் கல்விக் குழு சோதனையாக ஒப்புக்கொண்டது. இரண்டாம் ஆண்டில் கணக்கு, உற்பத்தி, சட்டம், மனோதத்துவம் என்று தனித்தனி வகுப்புகள் இருக்காது. ஒரே ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு எல்லாத் துறை ஆசிரியர்களும் ஒரே அறையில் நின்று அதைப் பற்றியே பாடம் நடத்துவார்கள். மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க அந்தத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள வீடுகளில் தங்கி, அங்கே வேலை செய்கிறவர்களோடு பழகி வருவார்கள். அதற்குக் களப் பருவம் என்று பெயர்.

கணக்கியல் பேராசிரியர் பாலசுப்ரமணியன் மட்டும் கடைசிவரை எதிர்த்து வாக்களித்தார். நல்ல மனுஷர், வஞ்சகம் இல்லாதவர். "பஸ்திக் குடிசையில் போய்ப் படுத்து எழுந்தால் பாலன்ஸ் ஷீட் புரிந்துவிடுமா, அம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தக் கேள்வி பாகீரதியை முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. இவரை ஒருநாள் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

முதல் களப் பருவத்துக்கு இடம் கொடுத்தது பெல்லமி மின்விசிறிக் கம்பெனி. கிதிர்பூரைத் தாண்டி, துறைமுகத்தை ஒட்டியிருந்தது. அங்கே போன மாணவர்களில் கெட்டிக்காரன் கோபு. பவானிபூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா காப்பிப்பொடிக் கடை வைத்திருந்தார். தமிழைவிட வங்காளி சரளமாக வரும் அவனுக்கு. ஆனால் பெல்லமியில் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது தமிழ்தான்.

தொழிற்சாலைக் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பெரிய சாப்பாட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. நடத்தியவர் ராமநாதபுரம் பக்கத்து முகமது இஸ்மாயில். பெருத்த உடம்பு, பெருத்த குரல், சட்டென்று வரும் கோபம். அந்த இடம் கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் இஸ்மாயிலின் மாமனாருக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்தது. பாகீரதி கோபுவை அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்தபோது இஸ்மாயில் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"படிக்கிற புள்ளைக்கு இங்கன என்னம்மா வேலை?"

"இங்கே எல்லாரும் எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கணும் பாய். அதுதான் படிப்பு."

"தெரிஞ்சுக்கிட்டு?"

"நாளைக்கு இவன் ஒரு மானேஜர் ஆனா, மனுஷாளைப் புரிஞ்சுண்டு நடத்துவான்."

இஸ்மாயில் பெரிதாகச் சிரித்தார். "அப்ப சரி. டீச்சரம்மா சொல்றாங்க. பரண்ல படுத்துக்க தம்பி. காலைல எந்திரிச்சு வாளி தூக்கணும், சொல்லிட்டேன்."

கோபு வாளி தூக்கினான். பரிமாறினான். அவன் கண்டுபிடித்து வந்ததுதான் அந்தப் பருவத்தின் மணிமகுடமாக ஆயிற்று.

பெல்லமியில் மூன்று தடவை பெரிய ஸ்டிரைக் நடந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பெனிதான் பணிந்தது. வெளியிலிருந்து கட்சிப் பணம் வருகிறது என்று நிர்வாகம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றும் வரவில்லை. ஸ்டிரைக் நாட்களில் இஸ்மாயிலின் அடுப்பு அணையாது; அவ்வளவுதான் விஷயம். துறைமுகக் கூலிகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து கொட்டுவார்கள். தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் முறைபோட்டு வந்து சமைப்பார்கள். பீகாரி, ஒரியாக்காரர், தெலுங்கர், வங்காளி, ஹிந்து, முஸ்லிம் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன், பக்கத்துத் தட்டுக்காரன் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கேட்டுக்குள் நுழைந்து வேலைக்குப் போக மாட்டான். சங்கத்தின் பலம் கொடியில் இல்லை, பந்தியில் இருந்தது.

பருவம் முடிந்து மாணவர்கள் ஆசிரியர்கள் முன்னிலையில் பேச வேண்டிய நாள் வந்தது. பெல்லமியிலிருந்து பணியாளர் மானேஜர் லாஹிரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மென்மையாகப் பேசுகிற, ரவீந்திர சங்கீதம் பாடத் தெரிந்த மனிதர். கோபு எழுந்து கம்பெனியின் செலவு, இயந்திரங்கள், சட்டச் சிக்கல் எல்லாவற்றையும் அழகாகப் பின்னிப் பேசினான். கொட்டகையைப் பற்றி மட்டும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டு உட்காரப் போனான்.

பாலசுப்ரமணியன் எழுந்தார். "எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்கு வெளியே தங்கி, கம்பெனிக் கணக்கில் தெரியாத எதை இந்தப் பையன் தெரிந்துகொண்டான்? ஒன்றைச் சொல்லட்டும்."

கோபு பாகீரதியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு தயக்கம் இருந்தது. அவள் அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவள் கண்ணுக்கு அந்த நேரம் பாலசுப்ரமணியன்தான் பெரிதாகத் தெரிந்தார்.

"கொட்டகை விஷயம் பூராவும் சொல்லு கோபு" என்றாள்.

அவன் சொன்னான். பந்தி, பிடி அரிசி, அணையாத அடுப்பு எல்லாம். சொல்லி முடித்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. பாலசுப்ரமணியன் மேடைக்கு வந்து பாகீரதியின் முன்னால் கைகூப்பினார். "தோற்றுப்போனேன், அம்மா" என்றார். அன்றைக்கு டிராமில் வீடு திரும்பும்போது பாகீரதிக்கு நிலத்தில் கால் பாவவில்லை. ஒரு மாதத்துக்குள் கோபுவுக்குப் பெல்லமியிலேயே லாஹிரியின் கீழ் வேலை கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, துர்கா பூஜைக்கு முந்தைய மாதம். பெல்லமியில் போனஸ் தகராறு முற்றி மறுபடி ஸ்டிரைக். அந்தச் சமயத்தில்தான் லாஹிரி, களப் பருவத்தை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச வேண்டும் என்று பாகீரதிக்கு ஆள் அனுப்பினார். சுந்தரராஜன் டெல்லியில் இருந்தார். "நீங்களே போயிட்டு வந்துடுங்கோ, நல்ல சமாசாரம்தானே" என்று டெலிபோனில் சொன்னார். கம்பெனிக் கார் அவளைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய் விட்டது.

மாடி அறையில் லாஹிரியும் கோபுவும் இருந்தார்கள். கோபு புதிதாக டை கட்டியிருந்தான். நமஸ்காரம் சொன்னானே தவிர முகம் பார்க்கவில்லை.

லாஹிரி தாமே டீ ஊற்றிக் கொடுத்தார். "மூன்று ஸ்டிரைக்காக எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தவித்தோம், மிஸ் பாகீரதி. எத்தனையோ ஆலோசகர்களுக்கு அள்ளிக் கொடுத்தோம். உங்கள் வகுப்பில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன்; தெரிந்துவிட்டது. இது மாதிரிப் படிப்புதான் இந்த நாட்டுக்குத் தேவை."

பாகீரதிக்கு உடனே பிடிபடவில்லை. "எது தெரிந்தது?" என்று கேட்டாள்.

அவர் ஜன்னலைக் காட்டினார். அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்மாயிலின் கொட்டகை. கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை அடித்துப் பூட்டியிருந்தது. அண்டாக்களையும் வாளிகளையும் வெளியே தெருவில் கவிழ்த்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் நிழலில் நின்று பீடி பிடித்தார்கள்.

"இடம் எங்களுடையது. குத்தகைப் பத்திரம் எதுவும் கிடையாது. இன்று காலையில்தான் பூட்டினோம்" என்றார் லாஹிரி. "யார் தலையிலும் அடிக்கவில்லை. ஒருவரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை. ஒரு அடுப்பை அணைத்தோம். ஒரு வாரத்தில் எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், பாருங்கள்."

கையில் டீக் கோப்பை இன்னும் இருந்தது. கீழே வைத்தாள். "பூட்டைத் திறங்கள்" என்றாள்.

லாஹிரி நிஜமாகவே வியப்படைந்தார். "ஏன்? நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள்?"

அதற்குள் கீழே சத்தம் கிளம்பிவிட்டது. முதலில் தூரத்துக் கூச்சலாக இருந்தது, பிறகு படிக்கட்டில் காலடிகளாக மாறியது. யாரோ பின்வாசலைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். கோபு ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதற்குள் வராந்தா முழுக்க ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். கெராவ், அதிகாரியை வெளியே விடாமல் சூழ்ந்துகொள்ளும் முற்றுகை. லாஹிரி டெலிபோனை எடுத்தார்; இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அது செத்துப்போயிற்று. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் தயங்கித் தயங்கி நின்றது. வழக்கமான லோட் ஷெடிங்தான். அன்றைக்கென்று அந்த நேரத்தில் வந்தது.

புரட்டாசிப் புழுக்கம். ஜன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது. வெளியே கோஷம் எழும்பி அடங்கி மறுபடி எழும்பியது. லாஹிரி கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, இதெல்லாம் பழக்கம்தான் என்பது போல் கண்ணை மூடி உட்கார்ந்தார். பாகீரதி பீரோவோரம் நின்ற கோபுவிடம் போனாள். தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பூட்டப் போறான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து, மேடம்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"நான் என்ன மேடம் பண்ண முடியும்? வந்து மூணு மாசம்கூட ஆகலே." அவன் பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் கிளாஸ்ல அதைச் சொல்ல வேணாம்னுதான் நினைச்சேன். நீங்கதானே பூராவும் சொல்லச் சொன்னீங்க."

அவன் பொய் சொல்லவில்லையே. சுவரோரம் போய் நின்றுகொண்டாள். முதுகில் சேலை ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் நான்கு நிபுணர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று ஏங்கினாளே, உட்கார்த்தியும் ஆயிற்று. அவர்கள் கூடிப் பேசிக் கண்டுபிடித்ததை யார் கையில் கொடுப்பது என்று அவள் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமலேயே ஒரு முழுப் பாடத்திட்டத்தையும் போட்டிருக்கிறாள்.

வெகுநேரம் கழித்துக் கதவைத் தட்டினார்கள். கோஷம் நின்றது. சங்கக்காரர் ஒருவர் வங்காளியில் உரக்கச் சொன்னார்: "தீதி, நீங்கள் வெளியே வரலாம். பெண்பிள்ளையை நாங்கள் அடைத்து வைக்க மாட்டோம். எங்கள் சண்டை லாஹிரியோடுதான்."

லாஹிரி கண்ணைத் திறந்தார். "போய்விடுங்கள், மிஸ் பாகீரதி. போனதும் போலீஸுக்குச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

கோபு கதவைத் திறந்தான். வாசலை அடைத்தாற்போல் இஸ்மாயில் நின்றிருந்தார். அழுது முடித்த கண்கள். ஆனாலும் அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வாங்க டீச்சரம்மா. உங்களுக்கும் இந்தக் களவாணித்தனத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போங்க. எவனும் கை நீட்ட மாட்டான், நான் இருக்கேன்." பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கோபுவைப் பார்த்தார். "தம்பி, நீயும் இங்கனதான் இருக்கியா? சோறு தின்ன கொட்டகைய பூட்டிப்புட்டானுங்கடா."

கோபு தலையைக் குனிந்துகொண்டான்.

படிக்கட்டுவரை ஆட்கள் விலகி அவளுக்கு வழி விட்டிருந்தார்கள். நடந்தால் போதும். தெருவுக்குப் போய் டாக்ஸி பிடித்தால் டாக்குரியா. இஸ்மாயிலுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவர் முகத்தில் இருந்த மரியாதை அவளை அங்கேயே நிறுத்தியது. அதை வாங்கிக்கொண்டு படியிறங்க அவளால் முடியவில்லை.

"பாய், சம்பந்தம் இருக்கு" என்றாள். "உங்க அடுப்புதான் ஸ்டிரைக்கைத் தாங்கறதுன்னு இவாளுக்குத் தெரியாது. நாங்கதான் சொன்னோம். எங்க கிளாஸ்ல, இவர் முன்னால. கோபு சொல்லத் தயங்கினான். நான்தான் சொல்லச் சொன்னேன்."

சுற்றி நின்ற யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லாரும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இஸ்மாயில் அசையவில்லை.

"எம் பரண்ல படுக்க வச்சேன்" என்றார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். குரல் எழும்பவே இல்லை. "மனுசரப் புரிஞ்சுக்கத்தான்னு சொன்னீங்களே டீச்சரம்மா."

"அப்படித்தான் நினைச்சேன், பாய்."

"நினைச்சீங்க." அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். "அப்ப நீங்களும் உள்ளயே இருங்க."

கதவைத் தாமே இழுத்துச் சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி கோஷம் முன்னைவிட உரக்கக் கிளம்பியது.

"என்ன ஆயிற்று? ஏன் போகவில்லை?" என்று லாஹிரி பதறினார். பாகீரதி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டாள். ஒருகட்டத்தில் அவளுக்கு மூச்சு முட்டி, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கவிழ்ந்து கிடந்த அண்டா ஒன்றின்மேல் காகம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது.

வெயில் தாழ்ந்தபோது போலீஸ் லாரிகள் வந்தன. தடியடிச் சத்தமும் ஓலமும் படிக்கட்டில் உருண்டு இறங்கின. கதவு திறந்தபோது வராந்தாவில் செருப்புகள்தான் கிடந்தன. கீழே லாரியில் இஸ்மாயிலை ஏற்றியிருந்தார்கள். காதோரம் ரத்தம் வழிந்தது.

போலீஸ் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். "ஒரு பெண்மணியை பலவந்தமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். அது ஒன்றே போதும், இந்த ஆள் ஜாமீனில் வர முடியாது. நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். லாஹிரி உடனே, "அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரன்தான் இவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினான், நானே பார்த்தேன்" என்றார். "அவர்கள் தமிழில் என்னவோ பேசினார்கள். கோபுவுக்குத் தெரியும். அந்த ஆள் என்ன சொல்லி மிரட்டினான், சொல், கோபு."

எல்லாரும் கோபுவைப் பார்த்தார்கள். அவன் டையின் முடிச்சைத் தொட்டுக்கொண்டான். பாகீரதி அவனைப் பார்க்கவில்லை. அன்று வகுப்பில் பார்த்தது போதும் என்று வேண்டுமென்றே சுவரைப் பார்த்தாள்.

"மிரட்டவில்லை சார்" என்றான் கோபு. குரல் தேய்ந்து வந்தது. "மேடத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார். மேடம்தான் போக மாட்டேன் என்றார்கள்."

"உண்மையா?" என்று அதிகாரி பாகீரதியிடம் கேட்டார்.

"உண்மைதான். என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. நானாகத்தான் இருந்தேன்."

லாஹிரி இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கோபு பின்னால் நிறைய அனுபவித்திருப்பான். அடுத்த வருஷமே அவனைப் பம்பாய்க் கிளைக்கு, விற்பனைப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். பவானிபூரில் அவன் அப்பாவைக் கடையில் பார்க்கும்போதெல்லாம், "நன்னா இருக்கான், உங்களை விசாரிச்சான்" என்பார். அது அவராகச் சொல்வது என்று பாகீரதிக்குத் தெரியும்.

லாஹிரி சொன்னது பலித்தது. மகாளய அமாவாசைக்கு முன்பே ஆட்கள் இரண்டு பேர், நான்கு பேர் என்று வேலைக்குத் திரும்பினார்கள். பூஜைப் பந்தல்களில் டாக் மேளம் முழங்கியபோது பெல்லமி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையை இடித்து அங்கே சைக்கிள் ஸ்டாண்டு கட்டினார்கள்.

சுந்தரராஜன் டெல்லியிலிருந்து திரும்பியதும் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "இன்னும் மூணு கம்பெனிக்காரா வேணும்கறா. களப் பருவத்தை நிரந்தரமாக்கிடலாம். நீங்கதான் தலைமை. என்ன, சந்தோஷம்தானே?"

"சார், ஒரு விதி சேர்க்கணும். பசங்க தெரிஞ்சுண்டு வர்றதை, முதல்ல அதைச் சொன்னவா முன்னாடி வெச்சுப் பேசணும். அவா வேண்டாம்னா அது கம்பெனிக்குப் போகக் கூடாது."

சுந்தரராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "யார் பணத்துல நடக்கறது இந்தக் கழகம்?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சரி."

ஆனாலும் அவள் கல்விக் குழுவில் அதைக் கொண்டுவந்தாள். நடந்தது முழுவதையும், தன் பங்கையும் சேர்த்துச் சொன்னாள். சிலர் மேஜையைப் பார்த்தார்கள். பாலசுப்ரமணியன், "நான் பழைய ஆள். கணக்கை மட்டும் கற்றுக்கொடுத்தால் இந்தப் பாவம் நமக்கு வராது" என்றார். "கணக்கிலும் வருகிறது சார். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்" என்றாள் பாகீரதி. விதிக்கு ஆதரவாக விழுந்தது அவளுடைய ஒரு கைதான். பாலசுப்ரமணியன் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. களப் பருவத்தை நிரந்தரமாக்கும் தீர்மானம் மட்டும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷியாமளா சொன்னாள்: "விட்டுடு அக்கா. என் சம்பளம் போறும் ரெண்டு பேருக்கும்."

"நான் விட்டா அந்த இடத்துக்கு லாஹிரியைக் கௌரவப் பேராசிரியரா போடறதா இருக்கா."

"போடட்டுமே. உனக்கென்ன?"

"கட்டினவ நான். வீட்டை அவர்கிட்டச் சாவியோட குடுத்துட்டு வரச் சொல்றியா?"

"அப்ப அதுக்குள்ளயே கிட" என்று ஷியாமளா கோபத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிட்டுச் சமையலறையில் அழுதது பாகீரதிக்குக் கேட்டது.

இஸ்மாயில் சில வாரங்களில் ஜாமீனில் வந்திருந்தார். ஜகாரியா தெருவில் உறவினர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கூட்டுச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தைப் பனி விலகியபிறகு பாகீரதி தேடிக்கொண்டு போனாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அவர் இளைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார்.

"போலீசுல சொன்னீங்களாம். வக்கீல் சொன்னாரு. நல்லது செஞ்சீங்க."

"கோபுவும் சொன்னான், பாய்."

"ம்." தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "கொட்டகை போனது போனதுதானே டீச்சரம்மா. முன்ன ஒருத்தனுக்கொருத்தன் முகம் பாத்துத் தின்னானுங்க. இப்ப கட்டுச்சோத்தக் கொண்டாந்து ஆளுக்கொரு மூலையில உக்காந்து திங்கிறானுங்களாம். போய்ப் பாத்தேன் ஒருநாளு. ஒரு பய நிமிந்து பேசல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கவா? இனிமே புள்ளைங்கள அனுப்புவீங்களா?"

"அனுப்பறோம்."

"எங்கன?"

"ஒரு தேயிலைக் கிடங்குக்கு. இந்த வருஷம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. சாப்பிட ஆள் வந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

புது வருஷ மாணவர்கள் களத்துக்குப் போவதற்கு முந்தின நாள், பாகீரதி பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு பெல்லமியில் நடந்ததைச் சொன்னாள். சுந்தரராஜன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். கம்பெனிப் பெயரை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிடி அரிசியை, பந்தியை, பூட்டை, தான் சொல்லச் சொன்னதை, சாத்திய கதவை. வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லி முடித்தபோது பாகீரதிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். மரியாதையான பையன், முதல் மதிப்பெண் வாங்குகிறவன். எழுந்து நின்று, நிஜமான அக்கறையோடு கேட்டான்.

"மேடம், அந்தக் கொட்டகையை ஸ்டிரைக் தொடங்குவதற்கு முன்பே, ஆறு மாதம் முன்னால் மூடியிருந்தால், கெராவே வந்திருக்காது இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். பாகீரதி சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். கதவு திறந்துதான் இருந்தது; வராந்தாவில் வெயில் தெரிந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

"உட்கார்" என்றாள். "நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன், கேள்."

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கொட்டகையில் யார் யார் பக்கத்தில் யார் யார் உட்காருவார்கள் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.